பத்து வயசு நாய்க்கும் வருஷா வருஷம் ஊசியா?

செல்லப்பிராணி கேள்வி பதில்

கேள்வி: டாக்டர் மேடம் வணக்கம். எங்க வீட்ல ஒரு லேப்ரடார் நாய் இருக்கான், பேரு ராமு, வர்ற ஐப்பசிக்கு பத்து வயசு முடியுது. குட்டியில இருந்து வருஷம் தவறாம ஒன்பது-இன்-ஒன் ஊசியும் ரேபிஸ் ஊசியும் போட்டுக்கிட்டு வர்றோம். இந்த வருஷத்துக்கான தேதி வந்துருச்சு. ஜெர்மனியில இருக்குற பையன் போன்ல சொல்றான், இங்கெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான்மா போடுறாங்க, வயசான நாயை ஏன் சும்மா சும்மா குத்துறீங்கன்னு. வீட்டுக்காரர், பத்து வருஷம் போட்டாச்சு இனிமே எதுவுமே வேணாம்ங்கிறார். எங்க டாக்டர் வழக்கம்போல ரெண்டையும் போடணும்ங்கிறார். நான் யார் பேச்ச கேக்குறது?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: பையன் சொல்றதுல பாதி சரி, உங்க டாக்டர் சொல்றதுல பாதி சரி, வீட்டுக்காரர் சொல்றத மட்டும் கேக்காதீங்கம்மா. இந்தக் கேள்வி எனக்கு வாரத்துக்கு நாலு தடவையாவது வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடுறேன்.

ஒன்பது-இன்-ஒன்னு நாம ஒரே ஊசியா பாக்குறோம், ஆனா அதுக்குள்ள இருக்குறது ஒரே மருந்து இல்ல. மூச்சு, வயிறு, நரம்புன்னு தாக்குற டிஸ்டெம்பர், ரத்தபேதி வர வைக்குற பார்வோ, ஈரலை தாக்குற ஹெபடைடிஸ், இருமல் தர்ற பாராஇன்ஃப்ளூயன்சா, லெப்டோன்னு சொல்ற எலிக்காய்ச்சல், சில கம்பெனி ஊசியில நாய் கொரோனா (நமக்கு வந்த கொரோனா இல்ல, அது வேற), இப்படி பல வியாதிக்கான மருந்த சேத்து அடைச்சிருக்காங்க. இதுல ஒவ்வொண்ணும் உடம்புல தாங்குற காலம் வேற வேற. எல்லாத்துக்கும் ஒரே தேதிய கார்டுல எழுதுறதாலதான் உங்க வீட்ல இந்த சண்டையே.

மொதல்ல டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ் இந்த மூணையும் எடுத்துக்குங்க. இது மூணும் உயிரோட இருக்குற வைரஸையே வீரியம் குறைச்சு செஞ்ச ஊசி. உடம்பு இத ஒரு தடவை நல்லா பாத்து பழகிட்டா லேசுல மறக்காது. அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில ரொனால்ட் ஷூல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி இதுக்குன்னே வாழ்க்கைய கொடுத்தார். ஊசி போட்ட நாய்ங்கள வருஷக்கணக்கா திரும்ப ஊசியே போடாம வச்சிருந்து, அப்புறம் நிஜ வைரஸ கொடுத்து பாத்தார், ஏழு வருஷம் கழிச்சும் டிஸ்டெம்பர் பார்வோ ரெண்டுக்கும் தாங்கி நின்னுச்சு. வருஷா வருஷம் தேவையில்லன்னு அவர் 1978லயே எழுதிட்டார், பார்வோங்கிற வியாதியே உலகத்துக்கு புதுசா தலை காட்டினது அந்த வருஷம்தான். ஆனா யாரும் உடனே கேக்கல. ஊசி கம்பெனிங்க ஒரு வருஷம் வரைக்கும் சோதிச்சு பாத்து அதையே லேபிள்ல எழுதினாங்க, நாங்களும் அதையே கார்டுல எழுதிக்கிட்டு வந்தோம். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2003லதான் இந்த மூணுக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு சொல்லுச்சு. நாய், பூனை மாதிரி சின்ன விலங்குங்கள பாக்குற டாக்டர்ங்களுக்கு உலக அளவுல சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க 2024ல விட்ட வழிகாட்டுதல்லயும் இதேதான்: குட்டிக்கு கடைசி டோஸ் பதினாறு வாரம் முடிஞ்சப்புறம் விழணும், ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள இன்னொண்ணு, அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு முன்னாடி திரும்ப போடத் தேவையில்ல. பதினாறு வாரக் கணக்கு எதுக்குன்னா, தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்குற வரைக்கும் ஊசி மருந்த அதுவே அடிச்சு போட்டுடும்.

உங்க ராமுவுக்கு பத்து வருஷமா தவறாம போட்டிருக்கீங்க. இந்த மூணு வியாதிக்கு இந்த வருஷம் அவனுக்கு ஊசி தேவையில்லங்கிறதுதான் என்னோட கருத்து. அடுத்த வருஷமும் தேவையில்ல. பையன் சொன்னதுல சரியான பாதி இதுதான். மனசு கேக்கலன்னா டைட்டர் டெஸ்ட் எடுங்க, கொஞ்சம் ரத்தம் எடுத்து இந்த மூணுக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாத்துடலாம், இருக்குன்னு வந்தா ஊசி வேணாம். பெரிய ஊர் க்ளினிக்ல பண்ணுவாங்க. ஒண்ணு மட்டும், லெப்டோவுக்கு இந்த டெஸ்ட வச்சு முடிவு பண்ண முடியாது.

லெப்டோ கதை வேற. அது வைரஸ் இல்ல, பாக்டீரியா. அந்த ஊசியோட பலம் ஏறக்குறைய ஒரு வருஷம்தான், அதுக்கு மேல நம்ப முடியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணியில அது வாழும், மழை பெஞ்சு தெருவுல தேங்குனா நாய் அத மிதிக்கும், நக்கும், கால்ல சின்ன கீறல் இருந்தா அது வழியாவும் உள்ள போகும். கிட்னியும் ஈரலும்தான் மொதல்ல அடி வாங்கும். அதோட அந்த நாய் மூத்திரத்துல இருந்து வீட்டு ஆளுங்களுக்கும் வரலாம். நீங்க இருக்குறது ஒரு பக்கம் காவேரி இன்னொரு பக்கம் கொள்ளிடம், ஐப்பசி கார்த்திகையில உங்க தெரு எப்படி இருக்கும்னு எனக்கு சொல்லணுமா? பத்து வயசுல கிட்னியே கொஞ்சம் தளர்ந்து இருக்கும், அந்த நேரத்துல லெப்டோ வந்தா காப்பாத்துறது ரொம்ப கஷ்டம்மா. அதனால லெப்டோ வருஷா வருஷம் வேணும், முடிஞ்சா புரட்டாசிக்குள்ள, மழைக்கு முன்னாடி போட்டுடுங்க. லெப்டோ மட்டும் தனியா வர்ற ஊசி இருக்கு, டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொன்னா வரவழைச்சு வைப்பார். கிடைக்கலன்னா கலப்பு ஊசியே போட்டுக்குங்க, அதனால ஒண்ணும் குடி மூழ்கிடாது, லெப்டோ இல்லாம மழைக்காலத்த தாண்டுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்தது ரேபிஸ். இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜெர்மனியில மூணு வருஷத்துக்கு செல்லுபடியாகுற ரேபிஸ் ஊசி இருக்குறது உண்மை. ஆனா அந்த நாட்டுல நரி, நாய் மூலமா பரவுற ரேபிஸையே ஒழிச்சுட்டாங்க, 2008ல அதுல இருந்து விடுபட்ட நாடுன்னு அறிவிச்சாச்சு. நம்ம தெருவும் அவங்க தெருவும் ஒண்ணா? 1907ல குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சதே இந்த வெறிநாய்க்கடிக்காகத்தான், நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இந்த வியாதி இன்னும் நம்மள விட்டு போகல. அறிகுறி வந்துருச்சுன்னா நாயும் பிழைக்காது, மனுஷனும் பிழைக்க மாட்டான்னே வச்சுக்கணும். சென்னை மாதிரி ஊர்ல மாநகராட்சி லைசென்ஸ் வாங்கணும்னா ரேபிஸ் சர்டிபிகேட் கேப்பாங்க, ஊருக்குப் போறப்ப நாய பாத்துக்குற போர்டிங்ல விடணும்னாலும் கேப்பாங்க. ராமுவுக்கு பத்து ஆனாலும் பதிமூணு ஆனாலும் வருஷத்துக்கு ஒண்ணு போட்டுடுங்க.

இப்ப வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன். வயசானா பழைய ஊசியோட ஞாபகம் உடம்புல ஓரளவு நல்லாவே இருக்கும், அவர் சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு. ஆனா லெப்டோவுக்கு அந்த ஞாபகம் நீடிக்காது, ரேபிஸ்ல துணிஞ்சு பாக்குறதுக்கு இடமே இல்ல. அதவிட எனக்கு பெரிய பயம் வேற ஒண்ணு இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு பன்னெண்டு வயசு பொட்டை நாய தூக்கிட்டு வந்தாங்க, மூணு வருஷமா க்ளினிக் பக்கமே வரல, ஏன்னு கேட்டா "வயசாயிடுச்சுன்னு ஊசிய நிறுத்திட்டோம், அதான் வர வேண்டிய வேலை இல்ல"ன்னாங்க. வயித்துல கை வச்சேன், மண்ணீரல்ல தேங்காய் அளவு கட்டி. அது உள்ளயே உடைஞ்சு ரத்தம் கசிய ஆரம்பிச்சிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே போயிடுச்சு. ஊசிக்குன்னு வருஷம் ஒரு தடவை வந்திருந்தா கட்டி எலுமிச்சை அளவுல இருக்கும்போதே என் கையில தட்டுப்பட்டிருக்கும்னு இன்னும் நெனச்சுக்கிறேன். ஊசி தேதிங்கிறது கிழட்டு நாய்க்கு டாக்டர் கை படுற நாள்ம்மா. ராமுவ இந்த தடவை கூட்டிட்டு போகும்போது எடை, பல்லு, இதய சத்தம், வயிறு எல்லாம் பாக்கச் சொல்லுங்க, கிட்னிக்கும் ஈரலுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. இந்த வயசுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை போனாலும் நல்லதுதான்.

காய்ச்சல், வாந்தி, பேதி இருந்தா ஊசிய தள்ளிப் போடுங்க. அதிக டோஸ் ஸ்டீராய்டோ கேன்சர் மருந்தோ ஓடுதுன்னா டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடணும், உயிருள்ள வைரஸ் ஊசிய அப்ப போடக்கூடாது. மூட்டு வலி மாத்திரை மட்டும் சாப்பிடுறான்னா அதுக்காக ஊசிய நிறுத்த வேண்டியதில்ல.

கேள்வி: எங்க பொமரேனியன் நாலு கிலோதான், ஆறு வயசு. போன தடவை ரெண்டு ஊசியும் ஒண்ணா போட்டு வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்துல மூஞ்சி எல்லாம் வீங்கி கண்ணே தெரியல. ஓடிப்போய் வேற ஊசி போட்டு சரி பண்ணினோம். இனிமே போடவே பயமா இருக்கு.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்க பயம் நியாயமானதுதான். அமெரிக்காவுல 12 லட்சத்துக்கு மேல நாய்ங்களோட ஊசி ரெக்கார்ட பாத்து 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஊசி போட்ட மூணு நாளைக்குள்ள 10,000 நாய்ல 38 நாய்க்கு ஏதோ ஒரு பக்க விளைவு வந்திருக்கு. அதுல ரெண்டு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. நாய் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அபாயம் ஜாஸ்தி, ஒரே நேரத்துல எத்தனை ஊசி போடுறோமோ அதுக்கேத்த மாதிரியும் ஏறுது. நாலு கிலோ பொமரேனியனுக்கும் நாப்பது கிலோ நாய்க்கும் நாம போடுறது அதே ஒரு மில்லிதான். அதுக்காக பாதி மருந்து போடச் சொல்லாதீங்க, பாதி போட்டா பலன் இருக்கும்னு சொல்ல முடியாது.

நீங்க செய்ய வேண்டியது, கார்டு மொத பக்கத்துலயே சிவப்பு மையில "ஊசிக்கு அலர்ஜி, மூஞ்சி வீங்குச்சு"ன்னு என்ன ஊசி, என்ன தேதின்னு சேத்து எழுதி வைங்க, ஊர் மாறினாலும் புது டாக்டர் கண்ணுல மொதல்ல அதுதான் படணும். டிஸ்டெம்பர் பார்வோவுக்கு டைட்டர் பாத்துட்டு, இருந்தா அந்த ஊசியவே விட்டுடலாம். ரேபிஸ தனியா ஒரு நாள், வேற எது தேவைப்பட்டாலும் மூணு வாரம் கழிச்சு தனியா. அலர்ஜி மாத்திரை முன்னாடியே கொடுக்கணுமான்னு டாக்டர் முடிவு பண்ணுவார், நீங்களா கொடுக்காதீங்க. காலையில க்ளினிக் தொறந்ததும் போங்க, ராத்திரி போட்டுட்டு வீடு வந்து வீங்குனா எங்க ஓடுவீங்க? போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க. ஒரு நாள் சோர்வா படுத்துக்கிச்சு, ஊசி போட்ட எடம் வலிக்குதுன்னா அது சாதாரணம். மூஞ்சி வீக்கம், தொடர் வாந்தி, ஈறு வெளுத்துப் போறது, நிக்க முடியாம சரியுறது இதுல எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூட காத்திருக்காதீங்க.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரங்க வெளிநாடு போறப்ப அவங்க எட்டு வயசு நாய எங்ககிட்ட விட்டுட்டு போனாங்க. ஊசி போட்ட கார்டு எதுவும் இல்ல, கேட்டா ஞாபகம் இல்லங்கிறாங்க. குட்டிக்கு மாதிரி எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த நாய ஏத்துக்கிட்டதுக்கு மொதல்ல உங்களுக்கு நன்றி. எதுவுமே போடலன்னு நெனச்சுக்கிட்டே ஆரம்பிங்க, ஆனா குட்டிக்கு மாதிரி மூணு நாலு தடவை வேணாம். டிஸ்டெம்பர் பார்வோவுக்கு வளர்ந்த நாய்க்கு ஒரு டோஸே போதும், தாய்ப்பால் தடை இப்ப இல்லையே. லெப்டோவுக்கு ரெண்டு டோஸ் கட்டாயம், ரெண்டுல இருந்து நாலு வார இடைவெளியில. ஒண்ணு போட்டுட்டு ரெண்டாவத மறந்தா மொத டோஸும் வீணாப் போகும். ரேபிஸ் இப்ப ஒண்ணு. வயசான நாய் புதுசா ஒரு ஊசிய சந்திக்கும்போது குட்டி மாதிரி வேகமா எதிர்ப்பு சக்தி வராது, அதனால அடுத்த வருஷ ரேபிஸ் தேதிய ஒரு நாள்கூட தள்ளாதீங்க. மொத ஒரு மாசம் தெரு நாய்ங்களோட சேரவிடாம வச்சுக்குங்க.

கேள்வி: பதினாலு வயசு நாய், ஏழாவது மாடி, ஆறு மாசமா படுத்த படுக்கை. கேன்சர்னு சொல்லிட்டாங்க. ரேபிஸ் தேதி வந்துருச்சு, போடணுமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: என் க்ளினிக்ல இப்படி ஒரு நாய் இருந்தா நான் குத்த மாட்டேன் சார். மிச்சம் இருக்குற நாள்ல அதுக்கு வலி இல்லாம இருக்கணும், வாய் வழியா நாலு வாய் தண்ணி எறங்கணும், அத பாருங்க. உங்க டாக்டர்கிட்ட கேட்டு, உடல்நிலை காரணமா ஊசி போடலன்னு எழுதி வாங்கி வச்சுக்குங்க. வலியில இருக்குற நாய் தூக்கும்போது தெரியாம கடிச்சுடும், அப்படி கடிச்சா உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, நம்ம நாய்தானேன்னு விட்டுடாதீங்க.