ரன்னிங் பேக் வரிசை: ஐந்து பேர் இருந்தும் ஏன் பற்றவில்லை?

(வாசகர் கேள்வி – பதில்)

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம் கால்பந்து அல்ல) வசந்தகாலப் பயிற்சி தொடங்கப் போகிறது என்றாலே ரசிகர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்: நம்மிடம் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) எத்தனை பேர்? இந்த இதழில் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் பதில்கள். கேட்டவர்களில் பலர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே.

கேள்வி: களத்தில் பெரும்பாலும் நிற்பது ஒரே ஒரு ரன்னிங் பேக். அதற்கு எதற்கு ஐந்தாறு பேர்?
– கொலம்பஸ் வாசகர்

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். 2024 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் 16 ஆட்டங்கள் ஆடியது. குவின்ஷான் ஜட்கின்ஸ் 194 முறை பந்தோடு ஓடி 1,060 யார்டு எடுத்தார். ட்ரெவியான் ஹெண்டர்சன் 144 முறை ஓடி 1,016 யார்டு. ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: முன்னவருக்குச் சராசரி 12, பின்னவருக்கு 9. இந்த 338 ஓட்டத்தையும் ஒருவர் தலையில் கட்டியிருந்தால் ஆட்டத்துக்கு 21. செப்டம்பரில் அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் 2024-ல்தான் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று 12 அணிகளாக விரிந்தது. ஜனவரி வரை ஆட வேண்டியிருந்தது. அந்த நாள்வரை இருவரும் கால் ஓயாமல் இருந்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று தேசிய இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேமை 34–23 என வென்றதில் இந்தப் பங்கீட்டுக்கும் பங்குண்டு. அதற்கடுத்த ஏப்ரலில் இருவரும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் 36-ஆவது, 38-ஆவது ஆட்களாகப் போனார்கள். குறைவாக ஓடினால் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படும் பையன்களிடம் பயிற்சியாளர்கள் காட்ட வேண்டிய கணக்கு இதுதான்.

இருவர் சரி, மற்ற மூவர்? மூன்றாமவர், முன்னிலை பெரிதானதும் உள்ளே வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர். நான்காமவர், பந்து உதைக்கப்படும்போது இறங்கும் கிக்ஆஃப், பன்ட் அணிகளில் ஓடித் தன் இடத்தைச் சம்பாதிப்பவர். ஐந்தாமவர் பெரும்பாலும் முதலாண்டு மாணவர். இந்த ஐவரில் ஒருவர் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓரமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வேறு கல்லூரிக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஆக, காகிதத்தில் ஐந்து என்றால் கையில் மூன்று.

கேள்வி: ஒரே குளிர்காலத்தில் வரிசை எவ்வளவு கலைய முடியும்?
– சின்சினாட்டி வாசகி

2023 டிசம்பரைப் பாருங்கள். சிப் ட்ரேயானம் கென்டக்கிக்கும், எவான் ப்ரையர் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். மையான் வில்லியம்ஸ் என்.எஃப்.எல். முயற்சிக்குக் கிளம்பிவிட்டார். எஞ்சியவர்களில் அனுபவம் உள்ளவர்கள் ஹெண்டர்சனும் டாலன் ஹேடனும் மட்டுமே. ஜனவரியில் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியிலிருந்து ஜட்கின்ஸ் வந்து சேர்ந்ததும் வரிசை நிமிர்ந்தது. உடனே மார்ச்சில், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே, ரன்னிங் பேக் பயிற்சியாளர் டோனி ஆல்ஃபோர்டு பரம எதிரியான மிச்சிகனுக்குப் போய்விட்டார்! அவரிடத்துக்கு ஆரிகனிலிருந்து கார்லோஸ் லாக்லின் வந்தார். பயிற்சி முடிந்த கையோடு ஹேடன் கொலராடோவுக்குப் புறப்பட்டார். மிஞ்சியது ஹெண்டர்சன், ஜட்கின்ஸ், முதலாண்டு மாணவர்கள் இருவர். ஸ்காலர்ஷிப்பில் மொத்தம் நாலே பேர். அந்த வரிசையோடுதான் பட்டம் வென்றார்கள் என்பது உண்மை. முதல் இருவரும் சீசன் முழுக்க நின்றதால் தப்பித்தார்கள் என்பதும் உண்மை. அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: வசந்தகாலப் பயிற்சிக்கு என்னென்ன கட்டுப்பாடு? நாலு பேரில் யார் தேறுவார் என்று பார்க்க அது போதுமா?
– சான் ஹோசே வாசகர்

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி 34 நாள்களுக்குள் 15 பயிற்சிகள். விடுமுறை, தேர்வு நாள்கள் அந்த 34-ல் சேராது. 15-ல் 12-ல் மட்டுமே உடல் மோதல் இருக்கலாம்; முதல் இரண்டில் கிடையாது. அந்த 12-லும் ஆளைத் தரையில் சாய்க்கும் டாக்கிளிங் எட்டு பயிற்சிகளில்தான். 11-க்கு 11 ஆட்டமே பிரதானமாக நடப்பது மூன்று முறை. கடைசியில் ரசிகர்கள் பார்க்கும் ஸ்பிரிங் கேமும் அந்த மூன்றுக்குள் அடக்கம்.

ரன்னிங் பேக்கின் உண்மை தெரிவது டாக்கிள் நடக்கும் நாளில்தான். இடித்தபின் இரண்டு யார்டு கூடுதலாக எடுக்கிறாரா, பந்தைக் கெட்டியாக வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் தொட்டதுமே விசில் ஊதும் பயிற்சியில் தெரியாது. முதல் ஆளைப் பெரும்பாலும் அடிபட விடமாட்டார்கள். ஆகவே அந்த எட்டு நாளும் நிஜத்தில் மூன்றாம், நான்காம் ஆட்களின் தேர்வு நாள்கள். ஒரு ஸ்கிரிமேஜில் (அணிக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டத்தில்) 90 முறை பந்து ஆடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பாஸ் (பந்தை எறிவது). மிச்சம் 45 ஓட்டத்தில் நால்வருக்கும் பங்கு போட்டால் தலைக்குப் பத்துப் பதினொன்று. ஒருவர் காயத்தில் இருந்தால் மற்றவர்களுக்குப் பதினைந்து. பயிற்சியாளருக்கு அது கவலை, நான்காம் ஆளுக்கு அதுவே வாய்ப்பு.

கேள்வி: அணியிலேயே வேகமான பையன் மூன்றாம் இடத்தில் கிடக்கிறான். பயிற்சியாளருக்குக் கண் தெரியவில்லையா?
– டொராண்டோ வாசகர்

தெரிகிறது. உங்கள் கண் பந்தின் மீது இருக்கிறது, அவர் கண் பந்து இல்லாத நேரத்தில் அந்தப் பையன் செய்வதன் மீது இருக்கிறது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கத் தெரியாதவனை, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) இறக்க முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறோம். ஷாட்கன் அமைப்பில் குவார்ட்டர்பேக், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்குச் சுமார் ஐந்து யார்டு பின்னால் நிற்பார். பேக் அவருக்கு அருகில். ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைக் கொடுப்பதற்கு) முன் ‘மைக்’, அதாவது எதிரணித் தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களில் நடுவிலிருப்பவர், யார் என்று சென்டரோ குவார்ட்டர்பேக்கோ கைகாட்டிக் கத்துவார்கள். முன்வரிசையில் தடுக்கும் லைன்மேன்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள், பேக்கின் பொறுப்பில் எந்த லைன்பேக்கர் விழுகிறார் என்பது அந்த ஒரு வார்த்தையில் முடிவாகிவிடும். ஸ்னாப் ஆனதும் பார்வை உள்ளிருந்து வெளியே போக வேண்டும்: முதலில் நடுவில் இருப்பவர், அவர் வரவில்லை என்றால் ஓரத்திலிருந்து வருபவர். இருவரும் வந்தால் உள்ளே வருபவரைத்தான் பிடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக்குக்கு அவர் வழிதான் குறுக்குவழி. ஓரத்திலிருந்து வருபவர் சுற்றிவர எடுக்கும் நேரத்தில் பந்தை எறிந்துவிடலாம்.

பிறகு மோதல். காத்திருந்து வாங்கக் கூடாது, இரண்டடி முன்னேறிப் போய்க் கொடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கின் மடியில் நின்றுகொண்டு தடுத்தால், தடுத்தும் பயனில்லை; அவர் முன்காலை ஊன்ற இடம் இருக்காது. முழங்கால் மடங்கி, கைகள் எதிராளியின் மார்புக்கு உள்ளே, கண் நிமிர்ந்து. இளைஞர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: கடைசி நொடியில் தலையைக் குனிந்து தோளால் இடிப்பார்கள். லைன்பேக்கர் ஒதுங்கி ஒரு கையால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இன்னொரு தவறு, பாஸ் வாங்கும் ஆசையில் யார் வருகிறார் என்று பார்க்காமலே ஓரத்துக்கு ஓடிவிடுவது. பள்ளியில் ஆட்டத்துக்கு முப்பது முறை பந்தோடு ஓடியே பழகியவனுக்கு இதெல்லாம் புதுசு. ரன்னிங் பேக்குகளையும் லைன்பேக்கர்களையும் ஒருவருக்கு ஒருவராக மோதவிடும் பயிற்சியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். டெப்த் சார்ட்டின் (யார் முதல் ஆள், யார் இரண்டாம் ஆள் என்ற பட்டியலின்) பாதி அங்கேதான் எழுதப்படுகிறது.

கேள்வி: பந்தை நழுவவிடுவது வசந்தகாலத்தில் ஏன் அதிகமாக இருக்கிறது?
– சேலம் வாசகர்

ஜோடி மாறிக்கொண்டே இருப்பதால். குவார்ட்டர்பேக் மூன்று பேர், ரன்னிங் பேக் நான்கு பேர் என்றால் பன்னிரண்டு ஜோடி. பந்து கைமாறும்போது குவார்ட்டர்பேக் பக்கத்து முழங்கையை உயர்த்தி, மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து வாசல்போல் திறந்து வைக்க வேண்டும். முழங்கை தாழ்ந்திருந்தால் பந்து அதில் பட்டுக் கீழே விழும். ஸோன் ரீட் ஆட்டத்தில் இன்னும் சிக்கல்: குவார்ட்டர்பேக் பந்தைப் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே எதிரணித் தடுப்பின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டைப் பார்த்து, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார். அதற்குள் பேக் இறுக்கிப் பிடித்துவிட்டால் இருவரும் இழுத்துப் பந்து தரையில். குவார்ட்டர்பேக் விடும்வரை கை மெத்தென்று மூடியிருக்க வேண்டும்.

ஓடும்போது பந்தின் நுனியை விரல்கள் மூட வேண்டும். உள்ளங்கை, முன்கை, புஜம், விலா நான்கிலும் பந்து ஒட்டியிருக்க வேண்டும். கூட்டத்துக்குள் நுழைந்தால் இரு கையும் மேலே. ஓரக்கோட்டை ஒட்டி ஓடினால் வெளிக்கையில். முழங்கை விலாவை விட்டு விலகிப் பகல் வெளிச்சம் தெரிந்தால், பின்னாலிருந்து வருபவன் அங்கேதான் குத்துவான்.

கேள்வி: வசந்தகாலத்தில் யாராவது காயப்பட்டால் ஏப்ரலில் வேறு கல்லூரியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்துவிடலாம்தானே?
– டல்லஸ் வாசகர்

முன்பு முடிந்தது. 2020 மார்ச்சில், முதல் பயிற்சியிலேயே, ஒஹாயோ ஸ்டேட்டின் மாஸ்டர் டீக்குக்குக் குதிகால் தசைநாணில் அடிபட்டது. மார்கஸ் க்ரௌலி அதற்கு முந்தைய நவம்பரில் முழங்காலில் பட்ட காயத்திலிருந்து மீளவில்லை. ஜே.கே. டாபின்ஸ் ஏற்கெனவே என்.எஃப்.எல். போயாயிற்று. அந்த மாதக் கடைசியிலேயே ஓக்லஹோமாவிலிருந்து பட்டதாரி மாணவராக ட்ரே செர்மன் வந்தார். கோவிட்டால் சீசன் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போக, டீக்கும் அதற்குள் தேறிவிட்டார். டிசம்பரில் பிக் டென் (ஒஹாயோ ஸ்டேட் ஆடும் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராகச் செர்மன் 331 யார்டு ஓடி, எட்டி ஜார்ஜின் 314 யார்டு பள்ளிச் சாதனையை உடைத்தார். அலபாமாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்திலோ அவர் முதல் ஓட்டத்திலேயே தோளில் அடிபட்டு வெளியேற, மிச்ச ஆட்டத்தைச் சுமந்தவர் டீக். இரண்டு டச்டவுனும் போட்டார். ஆட்டம் 24–52 எனத் தோற்றது வேறு விஷயம்.

2026 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது. வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் ஏப்ரல் போர்ட்டல் காலம் ரத்து. ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு காலம்தான், பட்டதாரிகளுக்கும் அதுவே. இறுதி ஆட்டம்வரை போகும் அணிகளுக்கும் பயிற்சியாளர் மாறும் அணிகளுக்கும் தனிச் சலுகை உண்டு. ஹேடன்போல ஏப்ரலில் கிளம்பிவிடுவார்களோ என்ற பயம் இனி இல்லை. மாறாக, முதல் பயிற்சியில் ஒருவர் விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப ஆளும் வராது. எங்கள் கருத்து: ஜனவரி நடுவில் ஆரோக்கியமான ஐந்து பேர் கையில் இல்லாத அணி, வசந்தகாலத்தில் சூதாடுகிறது.

கேள்வி: ஆள் பற்றவில்லை என்றால் வேறு இடத்தில் ஆடுபவரை மாற்றிக்கொள்ள முடியாதா?
– கோலாலம்பூர் வாசகி

முடியும், அவருக்கு முன்பே அந்தத் தொழில் தெரிந்திருந்தால். 2022 ஆகஸ்டில் ப்ரையர் முழங்கால் காயத்தால் சீசனையே இழந்தார். பிறகு ஹெண்டர்சன், வில்லியம்ஸ் இருவரையும் காயங்கள் விடவில்லை. நவம்பரில் மிச்சிகன் ஆட்டத்தில் 14 முறை ஓடி 83 யார்டு எடுத்தவர், லைன்பேக்கராகச் சேர்ந்திருந்த அதே ட்ரேயானம். அவர் அரிசோனா ஸ்டேட்டில் ரன்னிங் பேக்காக ஆடி வந்தவர் என்பதால்தான் அது நடந்தது. அன்று 45–23 எனத் தோற்றார்கள், காரணம் ஓட்டமல்ல. இப்படி மாற்றக்கூடிய ஒருவரை வசந்தகாலத்திலேயே அடையாளம் கண்டு, ஒன்றிரண்டு பயிற்சியிலாவது பாஸ் பாதுகாப்புச் சொற்களைக் காதில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: ஸ்பிரிங் கேமில் 100 யார்டு ஓடியவர்தான் செப்டம்பரில் முதல் ஆளா?
– சிங்கப்பூர் வாசகர்

இல்லை. எதிரே நிற்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வரிசைத் தடுப்பு.

கேள்வி: பயிற்சிக்கு முன் வரும் டெப்த் சார்ட்டை எவ்வளவு நம்பலாம்?
– நியூ ஜெர்சி வாசகர்

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜட்கின்ஸும் ஹெண்டர்சனும் போனபின் எல்லாரும் பேசியது இரண்டு பெயர்: முந்தைய ஆண்டு மூன்றாமவராக இருந்த ஜேம்ஸ் பீப்பிள்ஸ், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரர் சி.ஜே. டொனால்ட்சன். முதலாண்டு மாணவர் போ ஜாக்சன் பட்டியலில் அடியில் இருந்தார். செப்டம்பர் கழிவதற்குள் முன்னுக்கு வந்தவர் ஜாக்சன்தான். சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டினார். கோல் லைன் (புள்ளி எடுக்கத் தாண்ட வேண்டிய கோடு) அருகில் டொனால்ட்சனின் எடை தொடர்ந்து பயன்பட்டது.

ஆகவே பட்டியலில் பெயர் வரிசையைப் பார்க்காதீர்கள். மூன்றாவது டவுன், கோல் லைன், நாலாம் கால் பகுதியின் கடைசி ஐந்து நிமிடம், இந்த மூன்று நேரத்திலும் யார் நிற்பார் என்று எழுதிப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அணி அவருடைய முழங்காலை நம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: 105 பேர் வரம்பு வந்தபின் வாக்-ஆன் (ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடும்) பையன்கள் நிலை என்ன?
– திருச்சி வாசகர்

2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய உச்சவரம்பு போய், மொத்த அணிக்கே 105 பேர் என்றாகிவிட்டது. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமல் மூன்று நான்கு பேர் ஸ்கவுட் அணியில் எதிரணியின் ரன்னிங் பேக்போல ஓடி, தடுப்பாட்டக்காரர்களுக்கு அடிவாங்கிக் கொடுப்பார்கள். இப்போது அந்த இடங்கள் சுருங்கிவிட்டன. அந்த வேலை இளைய ஸ்காலர்ஷிப் ஆட்கள் தலையில் விழுகிறது. செவ்வாய், புதன் கிழமைகளில் ஸ்கவுட் அணியில் அடிபடும் பையனே சனிக்கிழமை மூன்றாம் ஆளாகவும் நிற்க வேண்டியிருந்தால், ஐந்து கூடப் பற்றாது; ஆறு வேண்டும்.