உப்புக்காற்றில் துருப்பிடித்த தோசைக்கல்

குளச்சலில் கடலோர வீடு, அம்மாவின் வார்ப்பிரும்புத் தோசைக்கல் துருப்பிடித்தது, தேங்காயெண்ணெய் பூசிப் பழக்கியும் பிசுபிசுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிச்சயம் மீட்கலாம்.

பிசுபிசுப்புக்குக் காரணம் எண்ணெய் கூடிப்போனதுதான். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. சூட்டில் அது எளிதில் இறுகிப் படலமாகாது. நம் ஊர்ச் சமையலுக்கு அதை விட்டால் வேறில்லை, ஆனால் கல்லைப் பழக்க நல்லெண்ணெய் எடுங்கள்.

கம்பிநாரால் பிசுக்கும் துருவும் போகத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் காயவையுங்கள். சில சொட்டு எண்ணெய் தடவி, தடவவே இல்லை என்று தோன்றும்வரை துணியால் துடைத்தெடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, புகை அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை.

அப்புறம், புளி விட்ட மீன்குழம்பு மண்சட்டிக்கே இருக்கட்டும். புளிப்பு படலத்தை அரித்துவிடும்.