படகை அடகு வைத்து எம்பிபிஎஸ் வேண்டாம்

மண்டபத்தில் ஒரு விசைப்படகுக் குடும்பம். மகள் நீட்டில் தகுதி பெற்றும் இங்கே சீட் கிடைக்கவில்லை. படகை வைத்துக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் தாய்மாமா. மகள் கேட்பதோ பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி, அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் படிப்பு. 'கரண்ட் வைக்கிற' இடத்தில் வேலை பார்த்தால் நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்னாகும் என்பது அம்மாவின் பயம்.

ஐயா, மாமா சொல்வதைக் கேட்காதீர்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வட்டி ஓடும். திரும்பி வந்தபின் தகுதித் தேர்வு, பயிற்சி என்று போகும் வருடங்களை ஏஜெண்ட் கணக்கில் காட்டமாட்டார்.

மகள் கேட்கும் படிப்பு 3 வருடம், அதன்பின் 1 வருடப் பயிற்சி. அரசு ஒதுக்கீட்டுச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான், நீட் தேவையில்லை. கதிரின் டோஸ் எழுதுவது டாக்டர், அது எங்கே எப்படிப் பாய வேண்டும் என்று பிளான் போடுவது மருத்துவ இயற்பியலாளர். நோயாளியைத் தினமும் மில்லிமீட்டர் பிசகாமல் படுக்கவைப்பது டெக்னாலஜிஸ்ட். வாய்ப் புற்றுநோய் என்றால், தலை அசையாமல் இருக்க, சுமார் 70 டிகிரி வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் இழுத்து, மூக்குத்தண்டிலும் தாடையிலும் அழுத்தி, இறுகும்வரை பிடிக்க வேண்டும். அந்த மாஸ்க்கோடுதான் சி.டி. ஸ்கேன், அதே மாஸ்க்கோடுதான் பெரும்பாலும் வாரம் 5 நாள் வீதம் 6 முதல் 7 வாரம், நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) சிகிச்சை. பாதியில் விழுங்க முடியாமல் எடை குறையும், மாஸ்க் தொளதொளவென்றாகும், தாடை உள்ளே நகரும். அதை முதலில் பார்ப்பவர் டெக்னாலஜிஸ்ட்தான். நிறுத்திச் சொன்னால் புது மாஸ்க், புது பிளான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடல் கீழே இறங்கிக் கதிர் வாங்கும். பாம்பனிலிருந்து மதுரைக்கு வரும் நோயாளி பஸ்ஸைத் தவறவிட்டு நாலு நாள் விட்டால் கட்டி மறுபடி வளர இடம் கிடைக்கும். நம்ம ஊர்ப் பேச்சில் அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

அம்மாவுக்கு: மின்சாரத்தில் கதிரை உண்டாக்கும் லினாக் கருவியை அணைத்தால் கதிர் இல்லை. கதிர் ஓடும்போது ஊழியர்கள் கனத்த கான்கிரீட் சுவருக்கு வெளியே கேமராவில் பார்ப்பார்கள். கதவைத் திறந்தால் தானே நின்றுவிடும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட, சட்டைப் பையில் குத்தும் டிஎல்டி பேட்ஜை 3 மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். கோபால்ட் கருவி வேறு, அதற்குள் இருக்கும் கோபால்ட் எப்போதும் கதிர்வீசும். அதற்கான அவசரப் பயிற்சியும் பாடத்தில் உண்டு.

ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்: சொந்தமாகக் கதிர்வீச்சுக் கருவி ஓடாத கல்லூரியில் சேர்க்காதீர்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பை இதுதான் என்று தள்ளிவிடுவார்கள், அது வேறு. பின்னால் இயற்பியலாளராகும் ஆசை மகளுக்கு இருந்தால் இந்த வழி உதவாது, பி.எஸ்சி. இயற்பியல்தான் எடுக்க வேண்டும். அதை இப்போதே கேளுங்கள்.

மாமாவிடம் 'வேண்டாம்' என்று நீங்கள் சொல்லுங்கள். மகளைச் சொல்ல விடாதீர்கள்.