லினக்ஸில் ஓடும் சிடிஇ, ஃப்ரீபிஎஸ்டியில் ஏன் விழுகிறது?

அன்புள்ள ஐயா,

1990-களின் யூனிக்ஸ் டெஸ்க்டாப்பான சிடிஇ-யின் மூலநிரல் 2012-இல் திறந்துவிடப்பட்டதல்லவா? அந்தப் பழைய பதிப்பை, பழகுவதற்காக நானே ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்துக்குக் கொண்டுபோகிறேன். லினக்ஸில் அது ஓடிவிட்டது. ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைலர் ஏகப்பட்ட புகார் சொன்னதால், சி மொழியின் பழைய தரமான சி89-இல் கட்டச் சொல்லி, எச்சரிக்கைகளை மொத்தமாக அணைத்துவிட்டேன். கட்டி முடிந்தது. ஆனால் சில புரோகிராம்கள் திறந்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தனதல்லாத நினைவகத்தைத் தொட்ட பிழையில்) விழுகின்றன. சிடிஇ-யின் நுழைவுத் திரையான டிடிலாகின் வழியே நுழைந்தால், டெஸ்க்டாப்பின் செய்திப் பரிமாற்றத்தைத் தொடங்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அணைத்த எச்சரிக்கைகளை முதலில் திரும்பப் போடுங்கள். உங்கள் முதல் சிக்கலுக்கான விடை அவற்றுக்குள்தான் இருக்கிறது.

சிடிஇ எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலான கணினிகளில் இன்ட்டும் (முழு எண்) பாயின்டரும் (நினைவக முகவரி) ஒரே அளவு, 32 பிட். என்ன தரும் என்று அறிவிக்கும் ஹெடர் கோப்பைச் சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனை அழைத்தால், அது இன்ட்டைத் திருப்பித் தரும் என்று சி89 எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அதனால் ஒன்றும் கெடவில்லை. 64 பிட்டில் பாயின்டர் மட்டும் இரட்டிப்பதால் கெடும். பேஸ்நேம் ஃபங்ஷனை அதன் ஹெடர் இல்லாமல் அழைக்கிறீர்கள், அது தரும் முகவரி பதினாறடிமானத்தில் 801006040 என்று வையுங்கள். இன்ட்டில் எட்டு இலக்கம்தான் கொள்ளும். முன்னால் நிற்கும் 8 உதிர்ந்து, 01006040 மட்டும் கைக்கு வருகிறது. அங்கே உங்கள் நினைவகம் இல்லை, புரோகிராம் விழுகிறது. மிஞ்சிய எட்டில் முதல் இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் என்றால், முன்னால் வரிசையாக எஃப் நிரம்பி வரும். டிபக்கரில் அப்படி ஒரு முகவரியைக் கண்டால் உடனே இந்தப் பிழையைச் சந்தேகியுங்கள்.

அப்படியானால் லினக்ஸில் எப்படி ஓடியது? அங்கே பிஐஇ (எந்த முகவரியிலும் ஏற்றத்தக்க வடிவம்) இல்லாமல் கட்டியிருந்தால், நினைவகம் ஒதுக்கும் மாலாக் ஃபங்ஷனின் சிறிய ஒதுக்கீடுகள் புரோகிராமை ஒட்டி, 4 ஜிபிக்குள்ளேயே விழும். வெட்டுப்பட்டாலும் முகவரி மாறாது. ஃப்ரீபிஎஸ்டியின் மாலாக் அந்த எல்லைக்கு மேலேதான் பெரும்பாலும் இடம் தரும். பிழை இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஒன்றில் மறைந்திருக்கிறது. அதனால் நீங்கள் செய்யும் திருத்தம் லினக்ஸ் பதிப்புக்கும் தேவை.

சி89 இருக்கட்டும். ஆனால் அறிவிக்கப்படாத ஃபங்ஷன், பாயின்டரை இன்ட்டாக்குவது, இன்ட்டைப் பாயின்டராக்குவது, இந்த மூன்று எச்சரிக்கைகளை மட்டும் பிழையாக உயர்த்திக் கட்டுங்கள். மாலாக்கைக் கம்பைலருக்கே தெரியும், தப்பிவிடும். அதிகம் சிக்குபவை சிடிஇ-யின் சொந்த லைப்ரரி ஃபங்ஷன்கள்தான். காஸ்ட் (வலிந்து வகை மாற்றுவது) போட்டுக் கம்பைலரின் வாயை அடைக்காதீர்கள். ஹெடரைச் சேருங்கள், ஹெடரே இல்லையென்றால் ஃபங்ஷனின் அறிவிப்பான புரோட்டோடைப்பை எழுதுங்கள்.

கம்பைலர் சொல்லவே சொல்லாத ஒன்றும் உண்டு. திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவில், சாளரத்தோடு சேர்ந்த தகவலான பிராப்பர்ட்டியை 32 என்ற ஃபார்மட்டில் கேட்டால், அதன் லைப்ரரியான எக்ஸ்லிப் அதை லாங் எண்களின் வரிசையாகத் தரும். 64 பிட்டில் ஒவ்வொன்றும் 8 பைட். பழைய நிரல் அதை 4 பைட் இன்ட் வரிசையாக நினைத்துப் படித்தால், ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யம் வரும். சாளரத்தின் ஓரச் சட்டமோ ஐகானோ தாறுமாறாக இருந்தால் அங்கே பாருங்கள்.

அடுத்து அந்தப் பெட்டி. டூல்டாக் என்ற செய்தி அடுக்கின் மேல்தான் சிடிஇ முழுவதும் நிற்கிறது. அது எழாவிட்டால் வேறெதுவும் எழாது. பெரும்பாலும் குற்றம் நிரலில் இல்லை, கணினியின் பெயரில். ஹோஸ்ட்நேம் கட்டளை என்ன பெயர் சொல்கிறதோ, அதே பெயர் இடிசி கோப்பகத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 வரியிலோ உங்கள் முகவரி வரியிலோ இருக்க வேண்டும். கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் எழுந்திருக்க வேண்டும், ஆர்பிசி (வேறொரு புரோகிராமின் ஃபங்ஷனை அழைக்கும் முறை) சேவைகளின் போர்ட்டைச் சொல்லும் ஆர்பிசிபைண்ட் ஓட வேண்டும். டெஸ்க்டாப் இல்லாமல் டெர்மினல் மட்டும் தரும் ஃபெயில்சேஃப் செஷனில் நுழைந்து இந்த மூன்றையும் பாருங்கள். சரியாக இருந்தும் பெட்டி வந்தால் டூல்டாக்கில் மவுண்ட் பட்டியலை (இணைந்துள்ள கோப்பு முறைமைகளின் பட்டியல்) படிக்கும் பகுதிக்குப் போங்கள். சோலாரிஸ் அதை எம்என்டிடேப் கோப்பில் வைத்திருந்தது, லினக்ஸில் கெட்எம்என்டிஎன்ட், ஃப்ரீபிஎஸ்டியில் கெட்எம்என்டிஇன்ஃபோ. லினக்ஸ் கிளையை அப்படியே நகலெடுத்தால் இங்கே நடக்காது. ஆர்பிசி ஃபங்ஷன்களைப் பற்றிக் கவலை வேண்டாம், ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை சி லைப்ரரியான லிப்சியிலேயே அவை இருக்கின்றன. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.32-இல் அவற்றை நீக்கிவிட்டதால், லினக்ஸில்தான் தனியாக லிப்டிஐஆர்பிசி தேவைப்படுகிறது.

சிடிஇ-யின் டெர்மினலான டிடிடெர்மில் கன்ட்ரோல்-சி வேலை செய்யவில்லை என்றால், புரோகிராமுக்கு நிறுத்தும் சிக்னலை அனுப்பும் கன்ட்ரோலிங் டெர்மினல் அமையவில்லை என்று பொருள். சோலாரிஸ் போன்றவற்றுக்கான ஸ்ட்ரீம்ஸ் மாட்யூல்களைத் தள்ளும் பழைய பகுதியை விட்டுவிட்டு, புதிய செஷன் தொடங்கும் செட்சிட்டுக்குப் பின், டெர்மினலை அதோடு இணைக்கும் டிஐஓசிஎஸ்சிடிடிஒய் அழைப்பைச் சேருங்கள். திரையைப் பூட்டிய பிறகு சரியான கடவுச்சொல்லுக்கும் திறக்காவிட்டால், சேமித்த கடவுச்சொல்லின் மறைவடிவமான ஹாஷைப் படிக்கும் உரிமை, திரையைப் பூட்டும் டிடிசெஷனுக்கு இல்லை. ஃப்ரீபிஎஸ்டி அதை முழு அதிகாரமுள்ள ரூட்டுக்கு மட்டுமே காட்டும், டிடிசெஷனை ரூட்டாக ஓடவைக்கும் செட்யுஐடி அனுமதி வேண்டும். ஸ்கிரிப்ட்கள் கேஎஸ்ஹெச் என்ற ஷெல்லைத் தேடும் பாதையையும் பாருங்கள், இங்கே அது யுஎஸ்ஆர்-லோக்கலுக்குள் இருக்கும்.

இந்தத் திட்டத்தின் இன்றைய நிரல் ஃப்ரீபிஎஸ்டியிலும் கட்டப்படுகிறது. 2.4.0-இல் ஐமேக் என்ற பழைய கட்டுமானக் கருவியை விட்டு ஆட்டோடூல்ஸுக்கு மாறிவிட்டார்கள். நீங்களே ஒரு திருத்தத்தை எழுதிவிட்டு, பிறகு அவர்கள் அதே கோப்பில் செய்ததைத் திறந்து பாருங்கள். இந்த வரிசை மாற வேண்டாம், அப்போதுதான் கற்பது கையில் தங்கும்.

ஓடத் தொடங்கியதும் பிணையச் சேவைகளைத் தொடங்கும் ஐநெட்டியின் கோப்பில், பிற கணினிகளிலிருந்து புரோகிராம்களைத் தொடங்க விடும் டிடிஎஸ்பிசி வரியைத் திறக்காதீர்கள். டூல்டாக் டேட்டாபேஸ் சர்வரில் 1998-இலும், டிடிஎஸ்பிசி சேவைக்காக 6112 போர்ட்டில் கேட்கும் டிடிஎஸ்பிசிடி-யில் 2001-இலும், தொலைவிலிருந்து ரூட் அதிகாரம் எடுக்க வழிவிடும் ஓட்டைகள் வெளியாயின. ஒற்றைக் கணினியில் டிடிஎஸ்பிசி இல்லாமலே டெஸ்க்டாப் ஓடும். ஆர்பிசிபைண்டை லூப்பேக்கோடு கட்டி, வெளியிலிருந்து அதன் 111 போர்ட்டையும் 6112-ஐயும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.