லாரி ஸ்பிரிங் பட்டையில் சமையல் கத்தி செய்ய முடியுமா?

கடலூரில் வீட்டிலேயே இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். புதுச்சேரியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். பட்டையைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் அரம் பிடிக்கும். பிறகு வடிவம் ராவுவதற்குப் பொறுமை போதும்.

உயிர்நாடி பதம் வைப்பதில், அதாவது காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்குவதில்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் செய்தால் இரும்பின் நிறம் தெளிவாகத் தெரியும். சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போனதும் இளஞ்சூடான எண்ணெயில் முனை கீழாக நேராக இறக்குங்கள். எண்ணெய் தீப்பற்றலாம், இரும்புப் பாத்திரமும் மூடியும் கட்டாயம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். என் முதல் கத்தி தண்ணீரில் ‘டிக்’ என்ற ஓசையோடு விரிசல் விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ராவிப் பார்க்கும்போது அரம் வழுக்கினால் கத்தி கடினமாகிவிட்டது. உடனே 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 2 மணி நேரம் வீதம் இருமுறை வைத்தால் முறியாது.

நம் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். மீன் நறுக்கியதும் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.