ஜெட் ஸ்கி பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? ஸ்டேட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஈ.சி.ஆர். பக்கம் வார இறுதிகளில் ஒரு ஜெட் ஸ்கியை வாடகைக்கு விடுகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சனி, ஞாயிறு நன்றாக ஓடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. இது மூன்றாவது பேட்டரி. பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஸ்டேட்டர் காயில் போய்விட்டது, இன்ஜினை நகர்த்தித்தான் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பார்ட்ஸை வெளிநாட்டிலிருந்து அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் வரவழைப்பாராம், பாதிப் பணம் முன்னாடியே வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது, அதை உங்கள் மெக்கானிக் காதில் வாங்கவில்லை, அல்லது வாங்க விரும்பவில்லை. ஸ்டேட்டர் செத்திருந்தால் வண்டி வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காது. ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், மீட்டர் எல்லாமே பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். சார்ஜ் ஏறாவிட்டால் ஒரு 19 ஆம்பியர் அவர் பேட்டரி வாடகைக் கூட்டத்துக்கு நடுவில், தண்ணீரிலேயே, உங்களைக் கைவிட்டிருக்கும். உங்களுடையது இரண்டு நாள் முழுக்க ஓடி, சும்மா நிற்கும்போதுதான் இறங்குகிறது. அதனால் என் முதல் சந்தேகம் ஸ்டேட்டர் மேல் இல்லை. ஆனாலும் சந்தேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: இன்ஜின் சுற்றும்போது ஃப்ளைவீலில் இருக்கும் காந்தங்களும் சுற்றும், அதற்குள் அசையாமல் இருக்கும் காயில்தான் ஸ்டேட்டர். அதிலிருந்து ஏ.சி. கரண்ட் வரும், அதை டி.சி. ஆக்கி 14 வோல்ட் சொச்சத்தில் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்புவது ரெக்டிஃபையர் ரெகுலேட்டர், நம் பைக் மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்பார்களே, அதே சாமான். நடுவில் ஒரு ஃபியூஸ், சில கனெக்டர்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போடுங்கள். எடுத்த உடனே அளக்காதீர்கள், சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6க்கு மேல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது, செல் போயிருக்கலாம். பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மட்டமான பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கைச் சோதித்தால் வருகிற எண்கள் எல்லாமே பொய் சொல்லும்.

பேட்டரி சரி என்றால் மாட்டுங்கள். பெட்ரோல் ஆவி உள்ளே தேங்கியிருக்கும், அதனால் சீட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது மீட்டரை பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்து, ஐடிலில் இல்லாமல் 3000, 3500 ஆர்.பி.எம். வரை ஏற்றிப் பாருங்கள். 13.5லிருந்து 14.8க்குள் நின்றால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 12.5ல் ஆரம்பித்து மெல்ல மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, அதோடு ஓட்டினால் பேட்டரி கொதிக்கும்.

இதைக் கரையில் ஹோஸ் பைப் மாட்டி நிதானமாகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஹோஸ் வைத்து ஓட்டினாலும் பல மாடல்களில் ஷாஃப்ட் சீலுக்குத் தண்ணீர் போகாது, இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் சீல் கருகும். ஹோஸில் ஓட்டும்போது இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்து பிறகு தண்ணீர் திறக்க வேண்டும், நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூட வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போய்விடும். டிரெய்லரோடு சாய்தளத்தில் இறக்கி, பின்னால் இருக்கும் ஜெட் பம்ப் முழுக்க மூழ்கும்படி, வண்டியைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுச் செய்யுங்கள். மூன்றடி ஆழமாவது வேண்டும், இல்லையென்றால் மணலை உறிஞ்சும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுபவர் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. "ஓடுகிற வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார், நின்றுபோனால் சார்ஜிங் இல்லை" என்று பழைய அம்பாசிடர் காலத்து வித்தை ஒன்று இன்னும் ஒர்க்‌ஷாப்களில் உலவுகிறது. ஜெட் ஸ்கியில் யாராவது அதைச் செய்ய வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் ஆர்.ஆரிலிருந்து எகிறும் வோல்டேஜ் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வையே அடித்துவிடும், அப்புறம் ஸ்டேட்டர் விலையெல்லாம் சில்லறை.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தால்கூட உடனே காயிலுக்குப் போகாதீர்கள். உப்புத்தண்ணீரில் ஓடும் வண்டியில் முதல் குற்றவாளி களிம்புதான். சார்ஜிங் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர், ஆர்.ஆர். கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறதா, பின் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் பளபளவென்று இருந்தும் உள்ளே கெட்டிருக்கலாம், அதற்கும் ஒரு சோதனை உண்டு: இன்ஜின் ஓடும்போது ஆர்.ஆரின் பிளஸ் ஒயரில் ஒரு முனை, பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ கரண்ட் தடுக்கப்படுகிறது. மைனஸ் பக்கமும் அப்படியே.

இப்போது ஸ்டேட்டர். இங்கேதான் ஏமாற்று அதிகம். ஆர்.ஆருக்குப் போகும் பிளக்கைக் கழற்றினால் பெரும்பாலும் ஒரே நிறத்தில் மூன்று ஒயர்கள் இருக்கும். உங்கள் கண் முன்னால் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, இரண்டு ஒயரைத் தொட்டு, "பார்த்தீங்களா சார், பீப் அடிக்குது, ஷார்ட் ஆயிடுச்சு" என்பார்கள். நல்ல ஸ்டேட்டரும் பீப் அடிக்கத்தான் செய்யும்! தடிமனான செம்புக் கம்பி, ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும். பீப் அடிக்கவில்லை என்றால்தான் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். பீப் அடிக்கக் கூடாத இடம் வேறு: மூன்றில் எந்த ஒயரையும் இன்ஜின் பாடியோடு தொட்டுப் பாருங்கள், அங்கே அடித்தால் காயில் எர்த் ஆகிவிட்டது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ நல்ல ஸ்டேட்டர்களுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, பிளக் கழன்ற நிலையிலேயே இன்ஜினை ஓடவிட்டு இரண்டு இரண்டாக மூன்று ஜோடியையும் அளங்கள், ஒயரைக் கையால் தொடாமல். ஆர்.பி.எம். ஏற ஏற எண் ஏற வேண்டும், மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியாவது படுத்துவிட்டால் ஸ்டேட்டர் போனது உண்மை. மூன்றும் சமமாக வந்து, ஒயரிங்கும் சுத்தமாக இருந்து, பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் வரவில்லை என்றால் ஆர்.ஆர்.தான். பைக் ஆர்.ஆரை வெட்டி ஒட்டலாம் என்பார்கள். உப்புக்காற்றுக்கும் இந்த ஸ்டேட்டரின் கரண்டுக்கும் அது தாங்காது.

"கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம்" என்றால் மயங்க வேண்டாம். பி 0562 என்று எரர் கோட் வந்தால் வோல்டேஜ் குறைவு என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதைத்தான் டக் டக் சத்தமும் சொன்னது. இந்தச் சோதனைகளில் ஒன்றாவது ஓனர்ஸ் மேனுவலில் இருந்தால் இந்தப் பதிலுக்கே வேலையில்லை, ஆனால் பெரும்பாலும் "டீலரை அணுகவும்" என்றுதான் போட்டிருக்கிறது, டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேரும் பெரும்பாலும் டீலருக்குத்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் எந்த டீலரிடம் போவார்? ஏஜென்ட்டிடம்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். 14 வோல்ட் நன்றாக வருகிறது, ஆனாலும் வெள்ளிக்கிழமை பேட்டரி காலி என்றால் யாரோ சும்மா நிற்கும் வண்டியிலிருந்து கரண்ட் குடிக்கிறார்கள். வாடகை வண்டிகளில் அது பெரும்பாலும் பிற்பாடு மாட்டிய ஜி.பி.எஸ். டிராக்கர், அல்லது உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்ற ஃப்ளோட் ஸ்விட்சோடு நேரடியாக இழுத்த பில்ஜ் பம்ப், அல்லது போன் சார்ஜர். 100 மில்லி ஆம்பியர் என்றால் அற்பமாகத் தெரியும். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் அவர், ஞாயிறு மாலையிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாளில் 12. உங்கள் பேட்டரியே 19தான்! இப்படி வாராவாரம் அடிமட்டம் வரை இறங்கி ஏறினால் எந்தப் பேட்டரியும் சீக்கிரம் சல்ஃபேட் பிடித்துச் சாகும், மூன்று போனதும் அதனால்தான் இருக்கும்.

வண்டியை ஆஃப் செய்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் வையுங்கள். ஸ்டார்ட் பட்டனை மறந்தும் தொடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். சில நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒரு சில மில்லி ஆம்பியர் இருந்தால் பரவாயில்லை, 50, 100 என்றால் திருடன் உள்ளே இருக்கிறான். ஃபியூஸ்களைப் பிடுங்குவதற்கு முன்னால் பேட்டரி டெர்மினலிலேயே கூடுதலாகச் செருகியிருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுங்கள், ஏனென்றால் டிராக்கர்காரர்கள் ஃபியூஸ் பாக்ஸ் பக்கமே போவதில்லை. எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அதுதான். பில்ஜ் பம்ப் தானாக ஓடுகிறது என்றால் ஹல்லுக்குள், அதாவது வண்டியின் கூட்டுக்குள், தண்ணீர் வருகிறது, அதை முதலில் கவனியுங்கள். டிராக்கர் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஞாயிறு மாலை மைனஸ்ஸைக் கழற்றிவிடுங்கள், அல்லது ஒரு மரைன் பேட்டரி ஸ்விட்ச் போடுங்கள்.

இதையெல்லாம் பார்த்து, மூன்று ஜோடியில் ஒன்றாவது உண்மையிலேயே படுத்திருந்தால் ஸ்டேட்டர் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் முன்பணம் கொடுக்குமுன் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய காயில் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காயில் போனது என்றால் பெரும்பாலும் சுற்று கருத்துக் கருகல் வாடை அடிக்கும். பழசைக் காட்ட முடியாது என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.