"அன்று ஏன் நான் கத்தவில்லை?"

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களோடும் அவர்களின் குடும்பத்தாரோடும் பணிபுரியும் உளவியலாளர் நான். வந்த கேள்விகளில் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். கடைசியாக வந்த ஒரு கேள்விக்கு அவசரம் கருதி முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மனசு ஆறிய பிறகு டாக்டரிடம் போனால் போதுமா?

இன்றே போங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள்தான் கெடு. இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிகிச்சைக்காக நடந்தது முழுவதையும் விவரிக்க வேண்டியதில்லை. மனசுக்கான வேலையை அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்று வருடம் ஆகிறது மேடம். அன்று நான் கத்தவில்லை, தள்ளிவிடவும் இல்லை. மரக்கட்டை மாதிரிக் கிடந்தேன். அப்படியென்றால் நானும் சம்மதித்த மாதிரிதானே?

இல்லை. இந்தக் கேள்வியைச் சுமக்காமல் என்னிடம் வந்தவர்கள் குறைவு.

பெரும் ஆபத்தில் ஓடவும் எதிர்க்கவும் மட்டுமல்ல, அப்படியே உறைந்துபோகவும் உடலுக்குத் தெரியும். கை கால் அசையாது, தொண்டையிலிருந்து சத்தம் வராது. யோசித்து எடுக்கிற முடிவு இல்லை அது. வல்லுறவுக்குப் பின் ஸ்டாக்ஹோமில் உள்ள அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் கணிசமாக உறைந்துபோயிருக்கிறார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படி உறைந்தவர்களிடம்தான் மனச்சோர்வும் பி.டி.எஸ்.டி. என்னும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக் கோளாறும் அதிகம். "ஏன் கத்தவில்லை" என்று தன்னையே விசாரித்துக்கொண்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் அனுபவம். உங்கள் உடலே உங்கள் பேச்சைக் கேட்காத நேரம் அது. அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் தங்கைக்குக் கற்பழிப்பு நடந்து இரண்டு வாரம். தூங்குவதில்லை, கதவுச் சத்தத்துக்கே பதறுகிறாள். நடந்ததை ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் சொல்வதால் வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். இப்படியே இருந்துவிடுவாளா?

முதலில் ஒன்று. "கற்பழிப்பு" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்தது இவளுடைய ஏதோ ஒன்று என்கிறது அந்தச் சொல். தங்கை காதில் அது விழ வேண்டாம்.

இரண்டு வாரத்தில் இதெல்லாம் இருப்பதுதான் வழக்கம். 1992இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் இரண்டு வாரத்தில் 94 சதவீதப் பெண்களுக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி. என்றே கணக்கு. அப்போதும் குறையவில்லை என்றால் அழைத்துப் போங்கள்.

வரிசை மாறுவதற்கு வருகிறேன். உச்ச பயத்தில் மூளை நடந்ததைக் கதையாகச் சேமிப்பதில்லை. ஒரு வாசனை, ஒரு சட்டைப் பொத்தான் துல்லியமாக நிற்கும். எது முன்பு, எது பின்பு என்பது குழம்பும். அதை வைத்துப் பொய் என்று முடிவுகட்ட முடியாது. வீட்டார் மறுபடி மறுபடி சொல்லச் சொல்வதை நிறுத்தினாலே அவளுக்குப் பாதிப் பாரம் குறையும்.

நான் ஆண். அந்த நேரத்தில் என் உடல் கிளர்ச்சி அடைந்தது. இதை யாரிடம் சொல்வது?

என்னிடம் சொன்னீர்களே, அதுவே பெரிய விஷயம். தொட்டால், பயந்தால்கூட உடல் அப்படி இயங்கும். வெங்காயம் நறுக்கும்போது வரும் கண்ணீர் அழுகை ஆகாது. பெண்களுக்கும் இது நேர்கிறது, அவர்களும் இதைத்தான் கடைசி வரை மறைக்கிறார்கள். உங்கள் விருப்பத்தையோ பாலின ஈர்ப்பையோ பற்றி இது எதுவும் சொல்வதில்லை.

மனைவிக்குத் திருமணத்துக்கு முன் நடந்தது. தொட்டாலே சில நாள் விறைத்துவிடுகிறாள். "மறந்துவிடு" என்று ஆறுதல் சொல்கிறேன், அவளுக்குக் கோபம்தான் வருகிறது.

வராமல் இருக்குமா? மறப்பது அவர் கையில் இல்லை. அன்று அவரிடமிருந்து பறிக்கப்பட்டது முடிவெடுக்கும் உரிமை. அதைச் சின்னச் சின்னதாகத் திருப்பிக் கொடுங்கள். தொடும் முன் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காமல் விலகுங்கள். யாரிடம் சொல்வது, புகார் கொடுப்பதா, கவுன்சிலிங் போவதா என்று அவருக்காக நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அவருக்கு அது இன்னொரு பறிப்பு.

சிகிச்சை என்றால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டுமா? மாத்திரை போதாதா?

சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "என் மேல்தான் தப்பு" போன்ற எண்ணங்களை எடுத்து ஆராயும் ஒரு முறை இருக்கிறது. சுமார் 12 அமர்வுகள், சம்பவத்தை விவரிக்காமலும் செய்யலாம். இன்னொன்றில் தவிர்த்துவந்த நினைவை, பாதுகாப்பான இடத்தில் படிப்படியாக எதிர்கொள்ள வைப்போம். இரண்டும் பலன் தருபவை. செர்ட்ராலின் போன்ற மருந்தும் உதவும், மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அவனை மன்னித்தால்தான் குணமாவேன் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. மன்னிப்பது எந்தச் சிகிச்சைக்கும் நிபந்தனை கிடையாது.